அவங்க போற வரைக்கும்

"முடியைக் கீழ இழுத்து விடுடி. காது தெரியுது."

வாரிக் கட்டியிருந்த கூந்தலை அம்மா பிரித்து, மூத்த மகளின் இரண்டு காதுகளும் மறையும்படி சீப்பால் அழுத்தி இழுத்தாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். மனசு ஆறவில்லை.

"வேணாம், கழட்டியே வச்சிடு. அவங்க போற வரைக்கும்தானே?"

"கழட்டினா கேக்காதும்மா."

"நீ என்ன பேச்சா பேசப் போறே? டீயைக் குடுத்துட்டு உள்ள வந்துடு. தங்கச்சி வாழ்க்கைடி."

முப்பத்தைந்து வயதாகிறது அவளுக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. எட்டு வயதில் வந்த காய்ச்சல் காதைத் தின்றுவிட்டுப் போனது. எதைக் கேட்டாலும் "என்ன?" என்று திருப்பிக் கேட்பாள் என்பதால் தெருவில் அவளுக்கு 'என்னக்கா' என்றே பெயர் விழுந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் யாரிடமும் கேட்காமல் மருத்துவமனைக்குப் போய் இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து கடையில் கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிறாள், ஃபோனில் ஆர்டர் எடுக்கிறாள், கூட வேலை பார்ப்பவர்கள் அடிக்கும் ஜோக்குக்குப் பதில் ஜோக் அடிக்கிறாள். 'என்னக்கா' என்ற பெயருக்குத்தான் வேலையில்லாமல் போனது.

தங்கைக்காகத்தான் கழற்றினாள். சின்ன டப்பாவில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, டீத்தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

தங்கையைப் பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவன் தாயும் வந்திருந்தார்கள். அந்தம்மா கோப்பையை உதட்டருகே வைத்தபடி அவளைப் பார்த்து ஏதோ கேட்டாள். வாய் பாதி மறைந்திருந்தது. காதில் விழுந்தது ஒரு முனகல்தான். சர்க்கரையைப் பற்றித்தான் கேட்டிருப்பாள் என்று நினைத்து, "போட்டிருக்கு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்து வைத்தாள். அம்மா அவள் முழங்கையைக் கிள்ளி உள்ளே தள்ளினாள்.

சமையலறையில் டப்பாவைத் திறந்து மாட்டிக்கொண்டாள். குழாய் சொட்டுகிற ஓசை முதலில் வந்தது. அடுத்து, திரைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல்.

"அவ அப்படித்தாங்க, கொஞ்சம் மண்டைக்கனம். என்ன வேலை பாக்கறன்னு நீங்க ஆசையாக் கேட்டா, அவ ஏட்டிக்குப் போட்டியாப் பேசுவா. அதான் இன்னும் ஒரு இடமும் அமையல."

"அப்பாடா! காது கீது கேக்காதோன்னு நான் பயந்தே போயிட்டேன்" என்றாள் அந்தம்மா. "உடம்புல குறை இருக்கற குடும்பம்னா எங்களுக்கு ஒத்துவராது, பாருங்க."

"சேச்சே!" என்றார் அப்பா.

அந்தச் 'சேச்சே'யைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காய்ச்சலில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் டாக்டராக ஓடிய மனிதர், செருப்பில் ஒட்டிய எதையோ தரையில் தேய்ப்பதுபோல அதைச் சொன்னார். செவிடு என்பதைவிடத் திமிர் பிடித்தவள் என்பது தேவலையாம். பெற்றவர்களே சேர்ந்து எடுத்த முடிவு!

கூந்தலை இழுத்து உயரக் கட்டினாள். திரையை விலக்கிக்கொண்டு போய் அந்தம்மாவுக்கு நேராக நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க. நீங்க கேட்டது எனக்குக் கேக்கல. சின்ன வயசுல காய்ச்சல்ல காது போயிடுச்சு. மெஷினைக் கழட்டச் சொன்னாங்க, கழட்டினேன். இப்ப மாட்டிட்டேன். என்ன வேலைன்னுதானே கேட்டீங்க? கண்ணாடி செய்யறேன். நீங்க போட்டிருக்கீங்களே, இது மாதிரி."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அந்தம்மா கோப்பையை டக்கென்று வைத்தாள்.

"காய்ச்சலோ, என்ன கண்றாவியோ! நாளைக்கு எம் பேரப்பிள்ளை மெஷினோட பொறக்கவா?" என்று எழுந்தவள், மகனின் நாற்காலியைச் சுற்றி வாசலைப் பார்த்து நடந்தாள். "வாடா, போலாம்."

அவன் அசையவில்லை. எதிரே இருந்த இளையவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"டேய், எழுந்திரு!"

அப்போதும் அதே சிரிப்பு. மூத்தவளுக்கு அது நன்றாகத் தெரிந்த சிரிப்பு. என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாதவர்கள், யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று சிரிக்கிற சிரிப்பு. இருபது வருடத்துக்கு மேல் அவளும் அதைத்தான் முகத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்தாள்.

வாசலில் நின்று அந்தம்மா மூன்றாம் முறை கத்தினாள்.

மூத்தவள் அவனுக்கு முன்னால் வந்து குனிந்தாள். கத்தாமல், வாய் தெரியும்படி நிதானமாகச் சொன்னாள்: "உங்கம்மா கூப்பிடறாங்க. கிளம்பணுமாம்."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவனுக்கு ரெண்டு நாளா ஜலதோஷம், காது அடைச்சிருக்கு" என்று ஓடிவந்தாள் தாய். அவன் அவளைப் பார்க்கவில்லை. மூத்தவளின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை மாட்டினா... நாலு பேர் பேசறது பிரிச்சுக் கேக்குமாங்க?"

"மொதல்ல எல்லாம் இரைச்சலா இருக்கும். போகப் போகப் பழகிடும். கூட்டத்துல கஷ்டம்தான், இல்லேங்கல. ஆனா பயந்து பயந்து சிரிக்க வேணாம்."

தாய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கதவு சாத்தியதும் அம்மா அழ ஆரம்பித்தாள். "குடி கெடுத்துட்டியேடி!" அப்பாவோ மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் தெளிந்தது.

"அழாதே. அந்தப் பையனுக்கே கேக்கல, பாத்தியா? அவங்களும் மறைச்சிருக்காங்க. இனிமே நம்மளை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நாளைக்கே ஃபோன் போடறேன். அவங்களுது நாம வெளிய சொல்ல வேணாம், நம்மளுது அவங்க சொல்ல வேணாம். சரிக்குச் சரி."

அம்மாவின் அழுகை நின்றது. "ஆமாங்க. கல்யாணத்தன்னைக்கு மட்டும் இவ கழட்டி வச்சுட்டாப் போதும்."

மூத்தவள் காதிலிருந்த மெஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பெற்றவர்கள் முகத்தைப் பார்க்கவே கூசியது. "நான் கழட்ட மாட்டேன்" என்றாள்.

இளையவள் எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் நின்றாள்.

"ஃபோன் போடுங்கப்பா. அவருக்குக் கேக்கலேங்கறது எனக்குக் குறையாத் தெரியல. ஆனா அவர் காதுல மெஷின் மாட்டிகிட்டு, அக்கா முன்னால வந்து உக்காரட்டும். அப்புறம் பேசறேன். ரெண்டு வீடும் சேந்து மூடி மறைக்கிற கல்யாணம் எனக்கு வேணாம்."

"என்ன?" என்றார் அப்பா.

அவள் இன்னொரு முறை, இன்னும் நிதானமாகச் சொன்னாள்.

"என்ன சொல்றே நீ?" என்றார் மறுபடியும்.

அவருக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது.