நூறு கோப்பை

மார்ச் நான்காம் தேதி காலை, காப்பிக்கொட்டைக் கிடங்கின் சுவைப்பு அறையில் நூற்றுப் பன்னிரண்டு கோப்பைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சுவைப்பவர் வரவில்லை.

கிடங்கில் அவரை 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். கரண்டியில் எடுத்து ஒரே உறிஞ்சலில் வாய் முழுக்கப் பரப்பி, எந்த மூட்டையில் ஈரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடத் தொழில். அன்று அந்த நேரத்தில் அவர் மனைவியோடு கல்லீரல் மருத்துவர் எதிரே உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது.

ஈரலில் கொழுப்பு என்று நான்கு வருடத்துக்கு முன்பே இதே மருத்துவர் சொல்லியிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொன்னார். அந்த வாரம்தான் கிடங்கு மேலாளர் சுவைப்பு அறைச் சுவரில் ஒரு பத்திரிகைத் துண்டை ஒட்டினார். காப்பியில் இயற்கையாக உள்ள சில பொருள்கள் ஈரலில் தழும்பு விழுவதைக் குறைக்கக்கூடும் என்று அதில் போட்டிருந்தது.

"யோவ் நாக்கு, இனி உனக்கு டாக்டரே வேணாம்யா. எங்க எல்லாரையும் வழியனுப்பிட்டுத்தான் உன் ஈரல் ஓயும்" என்றார் மேலாளர்.

நாக்கும் சிரித்தார். அதோடு ஸ்கேனை மறந்தார். மனைவி நச்சரித்தபோதெல்லாம் அந்தச் செய்தியைச் சொல்லியே வாயடைத்தார்.

"காப்பி குடிக்கிற பழக்கம் உண்டா?" என்று இப்போது கேட்டார் மருத்துவர்.

"ஒரு நாளைக்கு நூறு கோப்பைக்குக் குறையாதுங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "நூறா?"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எங்க குடிக்கிறாரு, டாக்டர்? அவ்வளவையும் துப்பிட்டுத்தான் வர்றாரு. வீட்ல ஒரு வாய் காப்பி நீட்டினா, நாக்கு கெட்டுப்போயிடும்பாரு."

நாக்கு தலையாட்டினார். விழுங்கினால் அடுத்த கோப்பையின் ருசி பிடிபடாது. அது தொழில் முறை. அவர் துப்பும் தொட்டிக்கு நேர் மேலேதான் அந்தத் துண்டு ஒட்டியிருந்தது. நான்கு வருடமாகத் தினமும் அதைப் படித்துக்கொண்டேதான் துப்பியிருக்கிறார்.

"முழுங்கியிருந்தாலும் ஸ்கேன் வேண்டாம்னு நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் மருத்துவர், குரலை உயர்த்தாமல். "காப்பி குடிக்கிறவங்களுக்கு இந்த நோய் கொஞ்சம் கம்மியா வருது, அவ்வளவுதான். அது வைத்தியம் இல்ல."

"எனக்குப் புத்தி எங்க போச்சுன்னே தெரியல, டாக்டர்."

"அதை அப்புறம் தேடிக்கலாம்" என்றாள் மனைவி. "முதல்ல எந்திரிங்க. ஸ்கேன் ரூம் எந்தப் பக்கம், டாக்டர்?"

மதியம் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் சுருங்கியிருந்தது, வயிற்றில் நீர் கோத்திருந்தது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி, மாற்று ஈரலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவர் சேர்க்கப்பட்டார்.