இடத்தை நிரப்புகிறவர்

ஐம்பத்தெட்டுப் பேரின் பதவிப் பெயர்களையும் எபிரேயத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும் என்று நிர்வாகி ஹனோக் அறிவித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, அந்தத் துறைமுக நகரத்து இசைக்குழுவில் யாருக்கும் சுருதி சேரவில்லை. சூரிக்கில் உள்ள ஓர் அறக்கட்டளை குழுவை மூன்று வருடம் பணம் கொடுத்துத் தாங்க முன்வந்திருந்தது. யாரைத் தாங்குவது, யாரை விடுவது என்பதை ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துத்தான் அது முடிவு செய்யும்.

வேலை திர்சாவின் தலையில் விழுந்தது. குழுவின் இசைத்தாள்களை வைத்துக் காப்பவள் அவள். மான்செஸ்டரில் பிறந்தவள் என்பதால் அவளுடைய ஆங்கிலம் குழுவுக்கு இலவசம்.

ட்ரம்பெட்காரன் ஷாவுல் படிக்கட்டிலேயே மறித்தான்.

"எனக்கு 'அசோசியேட்'னு ஏதாவது போடேன். மூணாவது ட்ரம்பெட்னா சுவிஸ்காரன் சிரிப்பான்."

"மூணு பேர்ல மூணாவது ஆள்தானே நீ?"

"அதை ஏன் அவன்கிட்ட போய்ச் சொல்லணும்?"

முக்கோணம் என்கிற கம்பி வாத்தியத்தைத் தட்டுகிற பினா இன்னும் ஒரு படி மேலே போனாள். "முக்கோணத்தை என்னைத் தவிர வேற யாரு தட்டுறா? அப்ப நான் தனி வித்வான்தானே?" ஹனோக்கின் பதவி எபிரேயத்தில் ஒரே சொல். அவரே எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தில் அது ஒன்றரை வரிக்கு நீண்டிருந்தது.

ஒன்றும் கேட்காதவர் யெஃபிம் ஒருவர்தான். பதினாலு வருடத்துக்கு முன் வயோலா பிரிவின் தலைவர் பாஸ்டனுக்குப் போனவர் திரும்பவில்லை. "ஆள் கிடைக்கிற வரைக்கும் அந்த நாற்காலியில உக்காரு" என்றார்கள். யெஃபிம் உட்கார்ந்தார். ஆளை யாரும் தேடவில்லை. பட்டியலில் அவர் 'மெமலே மக்கோம்', இடத்தை நிரப்புகிறவர்.

தொல்லை அந்தச் சொல்லில்தான் இருந்தது. தலைவர் இல்லாதபோது பொறுப்பில் இருப்பவரும் எபிரேயத்தில் மெமலே மக்கோம். வாத்தியாருக்குக் காய்ச்சல் என்றால் ஒருநாள் வகுப்புக்கு வந்துபோகிறவரும் மெமலே மக்கோம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். 'ஆக்டிங் பிரின்சிபல்' என்றால் குழுவின் உறுப்பினர். 'சப்ஸ்டிட்யூட்' என்றால் ஒரு கச்சேரிக்குக் கூப்பிட்டனுப்பிய வெளியாள். சூரிக் வெளியாட்களைத் தாங்காது.

ஹனோக் திர்சாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "யெஃபிமுக்கு சப்ஸ்டிட்யூட்னு போட்டுடு."

"அது தப்பு, ஹனோக்."

"அகராதியில இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"அப்புறம் என்ன தப்பு? நான் யாரையாவது வேலையை விட்டுத் தூக்கினேனா? மொழிபெயர்க்கிறோம், அவ்வளவுதான்." பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அவளுடைய பெயரின் மேல் விரலை வைத்தார். ஆறு வருடமாக அவளும் பட்டியலில் ஒரு மெமலே மக்கோம்தான். "உனக்கு எந்த வார்த்தை வேணுமோ, நீயே போட்டுக்க."

யெஃபிமுக்கு 'சப்ஸ்டிட்யூட்' என்று எழுதிவிட்டு, திர்சா தனக்கு 'ஹெட் லைப்ரேரியன்' என்று போட்டுக்கொண்டாள். அதற்கு அகராதி தேவைப்படவில்லை.

புதன்கிழமை, அவரவர் பெயருக்கு எதிரே அவரவர் கையெழுத்துப் போட வந்தார்கள். ஷாவுல் தன் 'அசோசியேட்'டை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போனான். யெஃபிம் கடைசியாக வந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ருஷ்ய மொழியும் எபிரேயமும் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலம் வெறும் எழுத்துக்கூட்டல்.

"நீளமா இருக்கே! பதினாலு வருஷம் கழிச்சு மரியாதை வந்துடுச்சா? என்னம்மா எழுதியிருக்கே?"

"எபிரேயத்துல என்ன இருக்கோ, அதேதான்."

எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய பதில். அதைச் சொல்லும்போது அவள் பேனாவின் மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். "இதுல ஒரு நகல் எடுத்துக் குடேன். டொரோண்டோவுல இருக்கிற பொண்ணுக்கு அனுப்பணும். அப்பன் என்னவா இருக்கான்னு அவளும் பார்க்கட்டும். அவளுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்."

"மிஷின் ரிப்பேர், யெஃபிம்." அவள் முதுகுக்குப் பின்னால் மிஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அதனால என்ன?" என்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். தாளை வெளிச்சத்துப் பக்கமாக நகர்த்தி, தன் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தார். கை ஆடிவிட்டதோ என்று சந்தேகம் வந்து, இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.