மரித்தோர் பட்டியல்

டொக்டர் கேட்டது சின்னக் கேள்விதான். உடன்பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? என் இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தம் செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தன் சிறுநீரகம் ஒன்றைத் தரக்கூடிய நெருங்கிய உறவு உண்டா என்று பார்க்கும் படிவம் அது. என் மனைவி பேர்பெச்சுவாவுக்கு நீரிழிவு, அவள் பெயரை முதலிலேயே வெட்டிவிட்டார்கள். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை.

"ஒரு தங்கச்சி இருந்தாள்," என்று டொய்ச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொன்னேன். "செத்துப்போனாள்."

டொக்டர் வருத்தம் தெரிவித்துவிட்டு அதை எழுதிக்கொண்டார். பேர்பெச்சுவா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் திரும்பினாள்.

"அவளை ரெண்டாந்தரமும் சாகடிச்சுப்போட்டியள், என்ன?"

என் தங்கச்சி வெரோனிக்கா எசனில் இருக்கிறாள். நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சனிலிருந்து ரயிலில் பத்து நிமிடம். உயிரோடு, கண்ணாடிக் கடை வேலையோடு, வளர்ந்த மகளோடு இருக்கிறாள்.

முதல்தரம் கொன்றதையும் சொல்லிவிடுகிறேன். எண்பத்தைந்தில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவன் நான். ஆறு வருஷம் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவி, தாய் தகப்பன் இல்லாத தங்கச்சியை இங்கே கூப்பிட்டு எடுத்தேன். அவள் தொண்ணூற்றொன்பதில் சிவராமனைக் கட்டினாள். சைவப் பொடியன். அவர்களுடைய கோயிலில் தாலி. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர் என்று குதித்தேன். வேதம் வெறும் சாட்டு. என்னைக் கேட்கவில்லை என்பதுதான் என் கொதிப்பு.

அந்த வருஷம் நவம்பரில், மரித்தவர்களுக்கான பூசை வந்தது. எங்கள் தமிழ்ப் பூசையில் அன்றைக்கு எல்லாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஒருவர் அவற்றை மைக்கில் வாசித்து, பெயருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவார். வாசிப்பவன் நான். அப்பாவின் பெயரை வாசித்தேன், அம்மாவின் பெயரை வாசித்தேன். அடுத்ததாக வெரோனிக்கா என்று வாசித்து, திரியும் கொளுத்தினேன்.

அவள் நாலாவது வரிசை வாங்கில் இருந்தாள், வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு. எழும்பிப் போனாள். சனம் அவளுக்கும் நித்திய இளைப்பாற்றி கேட்டுச் செபித்தது. ஒருத்தரும் என்னைத் தடுக்கவில்லை. பூசை முடிய இரண்டு பேர் வந்து என்னை மெச்சிக் கை குலுக்கினார்கள். அந்த இரண்டு பேரையும் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது எனக்குக் கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம், கையில் இரண்டு ஊசி. குடித்த தண்ணீர் வெளியேறாது என்பதால் ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர்தான். தேத்தண்ணி, சொதி எல்லாம் அதற்குள் அடக்கம். தாகம் பொறுக்காவிட்டால் ஐஸ் துண்டைச் சூப்பவேண்டும். படுத்தபடி ஆண்டவரோடு சண்டை பிடிப்பேன். முப்பது வருஷம் உம்முடைய கோயிலைக் கூட்டினேனே, அதற்கு இதுதானா கூலி என்று கேட்பேன். அவர் மூச்சும் விடுவதில்லை. அதில் இன்னும் கோபம் ஏறும்.

ஆகஸ்டில் எங்கள் சனம் கெவெலார் மாதா கோயிலுக்கு யாத்திரை போகும். பேர்பெச்சுவா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மரத்தடியில் எங்கள் குருவானவர் பீலிக்ஸ் சுவாமி பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். மன்னார்க்காரர், என்னிலும் முப்பது வயது குறைவு. ஆண்டவர் என்னை இப்படிப் போட்டு வதைக்கிறாரே என்று அவரிடம் முறையிடத்தான் போனேன். கதிரையில் இருந்ததும் வாய் வெரோனிக்காவின் கதையைச் சொன்னது. சொல்லச் சொல்ல எனக்கே அருவருத்தது.

"அவ உயிரோடை இருக்கிறாவோ?"

"ஓம் சுவாமி."

"அப்ப போய் அவவிட்டைச் சொல்லுங்கோ. உங்களுக்குப் பரிகாரம் அதுதான்."

"ரெண்டு செபமாலை தந்தாப் போதாதோ?"

"போதாது."

"கிட்னி கேட்டு வந்தவனெண்டெல்லோ நினைப்பாள்?"

"நினைக்கட்டும். நீங்கள் கேக்காதேங்கோ."

"நான் செத்தாலுமோ?"

அவர் பாவமன்னிப்புச் செபத்தைத் தொடங்கினார். எழும்பும்போது நிம்மதி வரும் என்பார்கள். எனக்கு வந்தது எரிச்சல். ஆனாலும் சனிக்கிழமை எசனுக்குப் போனேன்.

வெரோனிக்கா கதவைத் திறந்தாள். தலை நரைத்திருந்தது. அண்ணை என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. என் வருத்தத்தின் கதை சனத்தின் வாய்வழியே அவளுக்கு முதலே எட்டியிருந்தது.

"கிட்னி கேட்டு வந்தனீங்களோ?"

"இல்லை. அது கேக்கமாட்டன். நீ செத்திட்டாயெண்டு டொக்டருக்கும் சொல்லிப்போட்டன். அண்டைக்குக் கோயிலிலையும் இப்பவும் நான் செய்தது அநியாயம். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவள் முகம் சிவந்தது.

"டொக்டருக்குமோ? அண்டைக்கு நீங்கள் திரி கொளுத்தின பிறகு, பிள்ளை பிறக்குமட்டும் எனக்கு நித்திரையில்லை. செத்துப் பிறக்குமோ எண்டு வயித்தைத் தடவித் தடவிப் பாப்பன். இருவத்தாறு வருஷமா மெழுகுதிரியைக் கண்டாலே நடுங்குது. இப்ப டொய்ச்சிலையும் என்னைச் சாகடிச்சுப்போட்டு, வாசலிலை வந்து நிக்கிறியள்."

முழங்காலில் விழுந்தேன். பிறகு எழும்பத் தெம்பில்லாமல் அப்படியே கிடந்தேன். அவள் தூக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துப் பிடித்து நானே எழும்பினேன்.

"என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை."

"அதைப் பிறகு பாப்பம். டொக்டரிட்டை அடுத்த டெர்மின் எப்ப?"

"செவ்வாய்க்கிழமை, ஒன்பதரைக்கு." ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னேன்.

கதவைச் சாத்திவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது அவள் எங்களுக்கு முதலே வந்து நின்றாள். கவுண்டரில் அடையாள அட்டையை வைத்து, டொய்ச்சில், கடையில் பிழையான சாமானைத் திருப்பிக் கொடுப்பவளின் குரலில் சொன்னாள்.

"நான் வின்சன்றின் தங்கச்சி. நான் இறந்துவிட்டதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள்."

கவுண்டர்ப் பெண் திகைத்துப்போனாள். "இப்படி யார் சொன்னது?"

"நான்தான்," என்றேன். "அது பொய்." பின்னால் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கத்தான் சொன்னேன். அன்றைக்கு மைக்கில் வாசிக்க வெட்கப்படாதவன் இதற்கு வெட்கப்பட முடியுமா?

பெண் கணினியில் தட்டினாள். "அப்படியென்றால் தானம் செய்வது பற்றி..."

"அதை நான் இன்னும் யோசிக்கவில்லை," என்று வெரோனிக்கா வெட்டினாள். "முதலில் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதுங்கள்."

எழுதினார்கள். திரையைத் திருப்பச் சொல்லி, வெரோனிக்கா அதைப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஆண்டவருடைய இரக்கம் பாட்டோடும் சாம்பிராணியோடும் வரும் என்று நினைத்திருந்தேன். இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடையாள அட்டையோடு வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை மாதமாக நான் திட்டித் தீர்த்தவர் ஒரு சொல்லும் திருப்பித் திட்டவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், ஏலவில்லை. பேர்பெச்சுவா கைப்பைக்குள் என் கண்ணைத் துடைக்க லேஞ்சி தேடினாள்.

வெரோனிக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோபம் இன்னும் அவள் முகத்தை விட்டுப் போகவில்லை.

"அழுங்கோ அண்ணை," என்றாள். "உங்களுக்குத் தண்ணி குறையிறது நல்லதுதானே."