கை பட்ட வரி

“மை போவ மாட்டேங்குதும்மா,” என்றாள் சுசித்ரா. ஈரத் துணியால் மூன்றாம் முறையாக அப்பாவின் வலது கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்த கோதண்டபாணி வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அசந்து தூங்குகிறவரைப் போலத்தான் இருந்தார்.

அம்மா ஜெயம்மாள் அழுகையை நிறுத்தினாள். “அப்ப மை ஒத்திகினு இருந்திருக்காரு. காயிதம் எங்கடீ?”

யாருக்குத் தெரியும்? காலையில் அம்மையார்குப்பத்துப் பக்கம் ஓர் ஏரிக்கரையில், வீரக்கல் முன்னால் விழுந்து கிடந்தவரை ஊர்க்காரர்கள் வேனில் கொண்டுவந்து சேர்த்தார்கள். உயிர் வழியிலேயே போய்விட்டது. காகிதம் கல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

வாத்தியாருக்குச் சரித்திரம் என்றால் பைத்தியம். பாடப் புத்தகத்து ராஜாக்களெல்லாம் சும்மா. மாடு மீட்கப் போய்ச் செத்த எவனோ ஒருத்தனுடைய கல் எங்கோ வயலில் சாய்ந்து கிடக்கிறது என்றால் போதும், பள்ளி விட்டதும் பஸ் ஏறிவிடுவார். “பேரில்லாம எவனும் சாவல. நாமதான் இன்னும் படிக்கல,” என்பார். மற்ற பிள்ளைகள் கடற்கரைக்குப் போன லீவில் சுசித்ரா கற்கள்மேல் ஈரக் காகிதம் ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றி, எழுத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாமேல் அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் இருந்தது.

இந்த ஏரிக்கரைக் கல்லோ ஊருக்குச் சாமி. எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்தே தெரியாது. இரண்டு வருஷம் கெஞ்சிக் கூத்தாடியதில், இன்று ஒரு நாள் மட்டும் தேய்த்துக் கழுவ விட்டார்கள். சாயங்காலம் பொங்கல் வைத்து மறுபடி எண்ணெய் பூசிவிடுவார்கள்.

“நீ போயி எடுத்தாடீ,” என்றாள் ஜெயம்மாள்.

சித்தப்பா ஹேமநாதன் எகிறினார். “இன்னா அண்ணி இது? நாலு மணிக்கு எடுக்கறதா இருக்குது. இப்ப காயிதமா முக்கியம்? நாலு பேரு இன்னா பேசுவாங்க?”

“பேசட்டும். ரெண்டு வருசமா அந்தப் பேருக்குத்தான் அலைஞ்சாரு. நான் வாசப்படி தாண்டக் கூடாது. அவ போவட்டும்.”

ஸ்கூட்டரில் போன வழியெல்லாம் சுசித்ராவுக்கு எதுவும் நிஜமாகப் படவில்லை. மலைக்கோயில் மணி ஊர் தாண்டியும் காதுக்குள் அடித்துக்கொண்டே வந்தது. தெருவெல்லாம் தறி ஓடியது. அந்தச் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பது மாதிரி இருந்தது. மேகம் வேறு திரண்டு வந்தது. ஒரு தூறல் விழுந்தால் போதும், எல்லாம் போச்சு.

கல்லுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு பூசாரி வேடியப்பன் குந்தியிருந்தார்.

“வாத்தியார் பொண்ணா? யாரயும் தொட வுடலம்மா. ஆராச்சும் வருவாங்கன்னுதான் எண்ணெ ஊத்தாம குந்திகினு கீறேன்,” என்றார்.

கல்லில் ஒட்டியிருந்த காகிதத்தின் மேல் மூலையை நகத்தால் கிள்ளிப் பிரித்தாள். விரல்கள் எதையும் மறக்கவில்லை. கறுப்புக்குள் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக உரிந்து வந்தன. கடைசி வரிக்கு இன்னும் மை ஒற்றவில்லை. காகிதம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையின் நடுவில் ஒரு கை. மையோடு அழுந்திக் கீழே இழுபட்ட ஐந்து விரல்கள். உள்ளங்கை பதிந்த இடத்தில் மட்டும் நான்கு எழுத்துகள் வெள்ளையாக எழும்பி நின்றன.

“ஐயோ, நைனா!” காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. கரையிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வீடு திரும்பியபோது மணி மூன்று. ஜெயம்மாள் காகிதத்தை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

“கை பட்டா கிழிச்சிட்டு வேற எடுப்பாரு,” என்றாள். பிறகு, “இதான் அந்தப் பேரா?”

“தெர்லம்மா. பழைய எழுத்து. படிக்கறேன்.”

குளிப்பாட்ட ஆண்கள் வந்து வாத்தியாரைத் தூக்கினார்கள்.

“வலது கைய மட்டும் தேய்க்காதீங்க,” என்றாள் ஜெயம்மாள்.

முதல் குடம் ஊற்றும்போது ஹேமநாதன் அண்ணனின் அந்தக் கையைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.