வரலட்சுமி குரலில் ஒரு சுவரொட்டி

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துச் சுவரில் சாராள் வடிவமைத்த சுவரொட்டி, ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்குப் பாடத் தொடங்கியது. மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்தில் நடக்கவிருந்த அம்மன் திருவிழாக் கச்சேரிக்கான சுவரொட்டி அது. தாள் முழுக்கக் கருநீலம், கீழ் மூலையில் ஒரு படகின் சின்ன மஞ்சள் விளக்கு, ஓரமாகத் தேதியும் இடமும், அவ்வளவுதான். சிங்காரத்தின் மெல்லிசைக் குழுவில் பாடும் வரலட்சுமியின் குரல் அதிலிருந்து வந்தது. ஸ்பீக்கர் எங்கே என்று தடவிப் பார்த்தவர்களின் கையில் பசைதான் ஒட்டியது. மூன்றாம் நாள் அதன் ஓரத்தைத் தின்ற ஆடு ஒரு வாரம் சுருதி பிசகாமல் கத்தியது. சிறுசேரிக்குப் போகிற ஆபீஸ் பிள்ளைகள் அதற்கு எதிரே நின்று வண்டி பிடிக்கப் பழகிக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கு எதுவும் பழகிப்போக ஒரு வாரம் போதும்.

பூபாலனுக்கு மட்டும் பழகவில்லை. வரலட்சுமி அவன் மனைவி. பன்னிரண்டு வருடமாக அவள் கச்சேரிகளுக்கு ஃபிளெக்ஸும் சுவரொட்டியும் போட்டவன் அவன்தான். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரே படத்தை வருடத்துக்கு வருடம் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கி, தபால்தலை அளவில் ஒரு மூலையில் வைப்பான். மீதி இடமெல்லாம் விழாக் குழுவினரின் தலைகள். கறுப்புக் கண்ணாடி போட்ட தலை, செல்போனைக் காதில் வைத்த தலை, கும்பிடு போடும் தலை. ஒன்று விட்டுப்போனாலும் ஊரில் சண்டை வரும் என்பதால், தலைகளை விடாமல் அடுக்குவதையே அவன் கலை என்று நினைத்துவிட்டான். கச்சேரிக்கு ஒருநாளும் போனதில்லை; இந்த ஊருக்கு ஃபிளெக்ஸ் கட்டி முடித்தால் அடுத்த ஊர் காத்திருக்கும். நேற்றுவரை ஏதோ ஆபீசில் செல்போன் செயலிகளுக்குப் பொத்தான் வரைந்துகொண்டிருந்த சாராள், முதல் தாளிலேயே அவன் மனைவியைப் பாட வைத்துவிட்டாள். அவனுக்கு வயிறு எரிந்தது. அந்தத் தாள் அழகாக இருந்ததில் இன்னும் எரிந்தது. டீ குடிக்கிற சாக்கில் தினமும் போய் நின்று குறை தேடினான். மஞ்சள் விளக்கை ஒரு விரலளவு நகர்த்தினாலும் எல்லாம் கெட்டுப்போகும் என்று தெரிந்துகொண்டு திரும்பினான்.

ஒரு மத்தியானம் அதை உரித்து வந்து தன் கடையில் ஒட்டினான். அது வாயைத் திறக்கவில்லை. ஆவணியில் அணுபுரம் பக்கத்துக் கச்சேரிக்கு அதே நீலத்தையும் அதே விளக்கையும் வைத்துத் தானே ஒன்று செய்தான். ஆனால் கை சும்மா இருக்கவில்லை, நாற்பத்தொரு தலைகளைச் சேர்த்துவிட்டான். அது அன்றே ஒலித்தது. நாற்பத்தொரு பேரும் ஒரே சமயத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்றார்கள். சாயங்காலம்வரை வேறெதுவும் சொல்லவில்லை. விழாக் குழு பூரித்துப்போனது. பூபாலன் காய்ச்சலில் படுத்தான்.

எழுந்ததும் சாராளிடமே போனான். "பசையில இன்னாம்மா கலக்குற?" என்று கேட்டான்.

"ஒண்ணியும் கலக்கலண்ணா. மூணு நாளு ரிகர்சல்ல குந்திகினு அக்கா பாடறத கேட்டேன். அப்பாலதான் கலரே தோணுச்சி. நீங்க ஒருதபாவாச்சும் கேட்டுகிறீங்களா?"

மறுநாள் ஒத்திகைக்குப் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தான். வரலட்சுமி பல்லவியிலேயே நின்றுவிட்டாள். "நீ எதிர்ல குந்திகினு இருந்தா எனக்குப் பாட்டே வர்ல. பன்னெண்டு வருசமா இல்லாத பழக்கம் இப்ப இன்னாத்துக்கு? வூட்டுக்குப் போ."

சாராள் கேட்டால் வருகிற பாட்டு, தான் கேட்டால் வரவில்லை என்பதை அவனால் தாங்கவே முடியவில்லை. அவளிடமிருந்து இத்தனை வருடம் தான் காதால் கேட்டது என்ன என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தான். ஒரு பாட்டுகூட நினைவுக்கு வரவில்லை. பிறகு படாளம் கச்சேரிக்கு ஒரு சுவரொட்டி செய்தான். அதில் தலைகளே இல்லை. செம்மண் நிறத்தாளில் மூடி வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்று, கீழே அவள் பெயர், தேதி. "மச்சான், கச்சேரிக்குக் கூப்புடறியா, பந்திக்குக் கூப்புடறியா?" என்றான் சிங்காரம். விழாக் குழு தங்கள் தலைகளைக் கேட்டுக் கடைக்கே வந்து கத்தியது. பூபாலன் அசையவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, அதே பேருந்து நிலையச் சுவரில் அது பேசியது. பாடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிறவனைப் பார்த்துக் கேட்பதுபோல, வரலட்சுமியின் குரலில், "இன்னா, சாப்ட்டியா?" என்றது. முதலில் கேட்ட கண்டக்டர், "ஆச்சும்மா, இட்லி" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். நாற்று நடப் போகிற பெண்கள் பதில் சொன்னார்கள். காலையில் எதுவும் சாப்பிடாத ஆபீஸ் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாராள் வந்து வெகுநேரம் பார்த்தாள். "எனக்கு இது வராதுண்ணா" என்றாள். அவள் முகத்தில் பொறாமை இருந்தது. அதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தான், ஆனால் சந்தோஷம் வரவில்லை. அந்தக் கேள்வி பன்னிரண்டு வருடம் அவனுக்கு மட்டும் கிடைத்தது. "ம்" என்பதைத் தவிர அவன் பதில் சொன்னதில்லை. இப்போது வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கிடைக்கிறது.

கச்சேரி முடிந்து எட்டு மாதம் ஆகிறது. அதன்மேல் யாரும் வேறு சுவரொட்டி ஒட்டுவதில்லை. வீட்டில் வரலட்சுமி இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "அதான் பஸ் ஸ்டாண்டுல கேட்டுகினு கீறேனே" என்கிறாள். அதனால் பூபாலன் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அங்கே போய் வரிசையில் நிற்கிறான். முன்னால் நிற்கிறவர்கள் குழம்பு, பொரியல் என்று நீட்டி முழக்கிப் பதில் சொல்வது அவனுக்குப் பொறுப்பதில்லை. தன் முறை வந்ததும், "இன்னும் இல்ல வரலட்சுமி" என்கிறான்.