மாப்பிள்ளையின் தையலும் தங்கச்சியின் மருந்தும்

இதய ஆபரேஷன் நடக்கும் அறையில் என் வேலை பம்ப் ஓட்டுவது. இதயத்தை நிறுத்திவிட்டு டாக்டர் தைக்கும் நேரத்தில் நோயாளியின் ரத்தத்தை ஓடவைக்கும் இயந்திரத்துக்கு நான்தான் டிரைவர். தைப்பவர் என் தங்கையின் கணவர். மயக்க மருந்து கொடுப்பவள் என் தங்கை. ஒரே குடும்பத்தில் மூன்று பேரை ஒரே அறையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று யாராவது சட்டம் கொண்டுவந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

அன்று தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முந்தின நாள் காரை எடுத்துப்போன மாப்பிள்ளை பெட்ரோல் போடாமல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். காலையில் பாதி வழியில் கார் நின்று, தங்கை இறங்கித் தள்ளியிருக்கிறாள். மேசையில் படுத்திருந்த பள்ளிக்கூட பஸ் டிரைவருக்கு இந்தக் கதை தெரியாது. பாவம், அவர் நெஞ்சைத் திறந்தாயிற்று.

இவர்கள் சண்டை போட்டால் நான்தான் தபால்காரன். பதினாறு வருஷமாக இதே பிழைப்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனால் வந்த சொல்லை வந்தபடி நான் கொடுப்பதில்லை. முள்ளை எடுத்துவிட்டுத்தான் மீனைக் கொடுப்பேன். அந்தக் குடித்தனம் நிற்பதே என்னால்தான் என்று ஒரு நினைப்பு வேறு.

பஸ் டிரைவரின் காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை அவர் இதயத்தில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டு முடித்தார் மாப்பிள்ளை. பம்ப் ஓடும்போது ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று ஒரு மருந்து கொடுத்திருப்போம். இதயம் தானாகத் துடிக்க ஆரம்பித்ததும் அதை முறிக்க இன்னொரு மருந்து. நான் பம்பை நிறுத்தினேன், தங்கை அதைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் ரத்தக் கசிவு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஊறிக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளை தலையைத் திருப்பாமல் சொன்னார். “மச்சான், ரத்தம் உறையவே இல்ல. மருந்து போடத் தெரியலன்னா உங்க தங்கச்சிய வீட்டுக்குப் போகச் சொல்லுங்க.”

இருவருக்கும் நடுவில் பச்சைத் துணித் திரை. ரத்தத்தை உறிஞ்சும் குழாயின் கொரகொரப்பில் இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. நான் எழுந்துபோய்த் தங்கையிடம், “ஏம்மா, அளவு சரிதானான்னு இன்னொரு தடவை பாத்துடச் சொல்றாரு” என்றேன்.

அவள் பார்த்தாள். ரத்தம் உறைவதை அளக்கும் கருவி எல்லாம் சரி என்றது. அது போதாதென்று ஒரு கண்ணாடிக் குழாயில் டிரைவரின் ரத்தத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தாள். பிறகு குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

“பாரு அண்ணா, கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு. ரத்தத்து மேல பழி போடாம, தன்னோட தையல் எங்க ஒழுகுதுன்னு பாக்கச் சொல்லு.”

நான் திரும்பி வந்தேன். “மாப்பிள்ளை, ஓரளவு உறையுதாம். முடிஞ்சா தையலையும் ஒரு பார்வை பாத்துக்கலாமான்னு கேக்கறா.”

“பாத்தீங்களா, அவளே ஓரளவுன்னுதான் சொல்றா! தையலெல்லாம் பாத்தாச்சு. உறைய வைக்க பிளேட்லெட் நாலு பை ஏத்தச் சொல்லுங்க.”

உறிஞ்சிய ரத்தம் சேரும் பாட்டிலில் அளவு முக்கால் லிட்டரைத் தாண்டியது. டிரைவரின் பிரஷர் இறங்க ஆரம்பித்தது. நான் கொண்டுபோன பைகளைப் பார்த்ததும் தங்கை என்னை முறைத்தாள்.

“நல்லா உறையற ரத்தத்துல இதையும் ஏத்தினா, புதுசா ஒட்டின குழாய்க்குள்ளயே கட்டிக்கும். நான் சொன்னதை அப்படியேதானே சொன்ன?”

ஏற்றினால் குழாய் அடைக்கும், தையலைப் பார்க்காவிட்டால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மனிதர் என் நல்லபேருக்காகச் செத்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை!” என்று கத்தியே விட்டேன். “ரத்தம் கல்லா உறைஞ்சிருக்கு. ஒழுகறது உங்க தையல்தான். அவ அப்பவே சொன்னா, நான்தான் பூசி மெழுகிட்டேன். நீங்க அவளை வீட்டுக்குப் போகச் சொன்னதையும் நான் சொல்லல.”

நர்ஸ் கத்தரிக்கோலை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை நிமிர்ந்து, அன்று முதல்முறையாகத் திரைக்கு மேலே தங்கையைப் பார்த்தார்.

“பின்பக்கம் பாக்கணும். இதயத்தைத் தூக்கினா பிரஷர் இன்னும் விழும்.”

“நான் பாத்துக்கறேன். தூக்குங்க.”

தூக்கினார். பின்பக்கம் ஒட்டிய குழாயில் ஒரு சின்னக் கிளை. அதில் போட்ட முடிச்சு நழுவி, ரத்தம் ஊசி போல மெல்லிசாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தையல். ரத்தம் நின்றுவிட்டது.

“யாரையோ வீட்டுக்குப் போகச் சொன்னீங்களாமே?” என்றாள் தங்கை.

“தைக்கும்போது பேசாத” என்றார் மாப்பிள்ளை. அவர் காது சிவந்திருந்தது.

நான்காம் நாள் வார்டுக்குப் போனோம். இருமினால் நெஞ்சு வலிக்கும் என்று டிரைவர் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனக்கு ஏன் அத்தனை பை ரத்தம் ஏற்றினார்கள் என்று கேட்டார். கணவன் மனைவி இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்று விடாமல் சொன்னேன், என் பங்கு உட்பட.

அவர் தலையணையை அழுத்திக்கொண்டு சிரித்தார். “எங்க வீட்லயும் அம்மாவுக்கும் சம்சாரத்துக்கும் நடுவுல நான்தான் சார். அதுலதான் நெஞ்சு அடைச்சுதுன்னு டாக்டர்கிட்ட மொதல்லயே சொன்னேன். கொழுப்புன்னுட்டாரு.”

அப்போது அவர் மனைவி மருந்துச் சீட்டோடு உள்ளே வந்தார். “என்னங்க சொல்றாங்க?”

“ஒண்ணுமில்லம்மா. எல்லாம் சுலபமா முடிஞ்சுதாம்” என்றார் டிரைவர்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன்.