முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

கவுன்சிலர் நஞ்சுண்டன் பிரவீனா டீச்சரை ஒரு மணி இருபது நிமிடம் நிற்க வைத்தான். கட்சி ஆபீசில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் உட்காருகிற பழக்கம் அவளுக்கில்லை.

அவள் கையில் ஒரு மனு இருந்தது. சோமனூர் ரோட்டில் இருக்கும் பூங்குயில் அவென்யூவில், சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை ஏழு மாதமாக மூடவில்லை. ஐப்பசியில் ஒரு மழை நாள் சாயங்காலம் அவள் கணவர் கிருபாசங்கர் வண்டியோடு அதற்குள் விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக்காக உடுமலைப்பேட்டை வரைக்கும் தோட்டம் தோட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தவர், இப்போது கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறார். பள்ளத்தைத் தோண்டிய காண்ட்ராக்டர் நஞ்சுண்டனின் மச்சான்.

நஞ்சுண்டன் டிபனை முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே மனுவை வாங்கினான். படிக்கவில்லை.

"உங்க அவென்யூல மொத்தம் எத்தன ஓட்டு?"

"முந்நூத்திப் பன்னெண்டுங்க."

"போன எலெக்‌ஷன்ல எத்தன உழுந்துச்சு, தெரியுமா? தொண்ணூத்தி ஏழு. மத்தவனெல்லாம் லீவு கெடச்சுதுன்னு வால்பாறைக்கு டூர் போயிட்டான். உழுந்ததும் நாலு பக்கமாச் சிதறிப்போச்சு. உங்களுக்கு ரோடு போட்டு எனக்கென்ன ஆகப்போகுது? போ அம்மணி, போயிப் பாடத்த நடத்து."

பெஞ்சில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அவளுடைய பழைய மாணவன் ஒருவனும் அதில் இருந்தான். அவன் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

கோயமுத்தூர்ப் பக்கத்தில் வாசலில் வந்து கை நீட்டுகிறவரிடமும் 'ஒண்ணுமில்லீங்க' என்றுதான் சொல்வார்கள். இருபத்து மூன்று வருடமாகக் கணக்கு டீச்சராக இருப்பவளிடம் ஒருவன் ஒரு 'ங்க' இல்லாமல் பேசிவிட்டான். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அவள் காதில் அந்த 'போ' மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டில் சொன்னபோது கிருபாசங்கர் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வாய் எப்பவும் அப்படித்தான். உடு."

"மாசி மாசம் எலெக்‌ஷன் வருதுங்க. நம்மூட்டு ஓட்டு ஒண்ணுகூட அவனுக்கு உழுகக் கூடாது."

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "நஞ்சுண்டன் வேற, கட்சி வேற, பிரவீனா. எங்கய்யன் கெணத்துக்கு இலவசக் கரண்ட் குடுத்தது குடைக் கட்சி. அந்தத் தண்ணியிலதான் நான் ஐ.டி.ஐ. படிச்சேன். ஒரு கவுன்சிலருக்காக அத மாத்திக்க முடியுமா?"

"உங்க கால்ல கம்பி வெச்சதும் அந்தக் கட்சிதானுங்க."

அவர் டிவியின் சத்தத்தை மறுபடி கூட்டினார். இருபது வருடமாகக் குடைச் சின்னத்துக்குப் பூத் ஏஜெண்டாக உட்காருகிறவர். கல்யாணமாகி வந்த வருடம் ஓட்டுச்சாவடி வாசலில், "நம்மளுது குடை" என்று அவர் சொன்னார். அவளும் குடைக்குப் போட்டாள். அதற்குப் பிறகு அவர் அதைச் சொல்லவேண்டிய அவசியம்கூட வரவில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது அதை நினைத்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் வாக்காளர் பட்டியலை வாங்கி வந்து ஒரு நோட்டில் வீடு வீடாகப் பிரித்து எழுதினாள். சாயங்காலம் ட்யூஷன் முடிந்ததும் கிளம்பிவிடுவாள். அதில் பாதி வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எந்தக் கதவும் சாத்தப்படவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு காரணம் இருந்தது. எட்டுத் தறி வைத்திருந்த ராமசாமிக்குக் கரண்ட் பில் கோபம். ஆனால் அது டெல்லியில் ஆளுகிற கட்சி மேலா, இங்கே ஆளுகிற கட்சி மேலா என்று அவருக்கே தெளிவில்லை. நர்ஸாக இருந்த நவ்யா, வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். "எங்கம்மாவுக்கு ஆபரேஷன் இலவசமா நடந்துச்சுங்க டீச்சர். அந்த இன்சூரன்ஸ் கார்டு குடுத்தவங்கள நான் மறக்க மாட்டேன்" என்றாள். ரிட்டயரான போஸ்ட் மாஸ்டர் ஒருவர், தன் சாதிக்காரன் எந்தக் கட்சியில் நிற்கிறானோ அதுதான் தன் கட்சி என்று கூச்சமில்லாமல் சொன்னார். சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் நிதீஷ், "நான் போட்டு என்னங்க டீச்சர் ஆகப்போகுது? வரியக் கட்டறது நாம, வாங்கிக்கறது வேற யாரோ" என்றான். ஓட்டுப் பதிவு நாளுக்கு அவன் ஊட்டியில் ரூம் போட்டிருந்தான்.

முதல் இரண்டு நாள் அவள் ரோட்டைப் பற்றிப் பேசினாள், பள்ளத்தைப் பற்றிப் பேசினாள். எல்லாரும் தலையாட்டினார்கள், காப்பி கொடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் நிதீஷிடம் நஞ்சுண்டன் பேசியதை அப்படியே சொன்னாள். அவன் மொபைலைக் கீழே வைத்தான்.

"டூர் போயிட்டான்னா சொன்னான்? என்னையா?"

"நம்மள எல்லாருத்தையும்."

அவன் முகம் சிவந்ததை அவள் பார்த்தாள். அன்றைக்கே ரூமை ரத்து செய்துவிட்டான்.

அதற்குப் பிறகு பள்ளத்தை விட்டுவிட்டாள். எதிர்த்து நிற்கும் மண்வெட்டிச் சின்னத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் வேட்பாளர் பாவாத்தாள் மெஸ் நடத்துகிறவள், நன்றாகச் சமைப்பாள் என்பதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. நஞ்சுண்டனைத் தோற்கடிக்கிற பலம் அந்தச் சின்னத்துக்குத்தான் இருந்தது, அது போதும். போகிற வீட்டில் எல்லாம் நஞ்சுண்டன் சொன்னதை மட்டும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது கொஞ்சம் வளர்ந்தது. பத்தாவது வீட்டில், "அந்த அவென்யூக்காரங்க வாசல்ல வந்து நாய் மாதிரிக் கத்திட்டுப் போவாங்க" என்று அவன் சொன்னதாக ஆயிற்று. அவன் அப்படிச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவன்தானே என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கணக்கில் ஒரு படியை விட்டுவிட்டு விடையை எழுதினால் மார்க் குறைக்கிறவள் அவள்.

நாலாவது குறுக்குத் தெருவில் அமீர் ஹம்சாவின் வீடு. கோயமுத்தூர் டவுனிலிருந்து வந்து ஆறு வருடம் முன்பு கட்டிக்கொண்ட வீடு. ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். மகள் ரம்ஷா அவளிடம் ட்யூஷன் படித்தாள். ஹம்சாவின் மனைவி இஸ்மத் தட்டில் பேரீச்சம்பழம் வைத்துவிட்டு உள்ளே போனாள். டீச்சர் சொன்னதை முழுக்கக் கேட்ட பிறகு ஹம்சா மெதுவாகச் சொன்னார்:

"உங்கள நிக்க வெச்சது பெரிய தப்புங்க. நஞ்சுண்டனுக்கு எங்கூட்டு ஓட்டு நாலும் கெடையாது. ஆனா மண்வெட்டிக்கும் கெடையாதுங்க."

"ஏனுங்க?"

"அவங்க மாவட்டத் தலைவர் போன மாசம் மேடையில எங்க ஆளுங்களப் பத்திப் பேசுனத நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. நான் மூணு தடவ கேட்டேன். யார் வரணும்னு பாத்து ஓட்டுப் போடறது உங்களுக்கு முடியுங்க. எங்களுக்கு யார் வரக் கூடாதுங்கறதுதான் முதல்ல."

"நானும் அதத்தானுங்க சொல்றேன். நஞ்சுண்டன் வரக் கூடாது."

"அது ஒரு ஆளுங்க டீச்சர்." கொஞ்சம் தயங்கினார். "அப்பறம், நாய்னு அவன் சொன்னதாச் சொன்னீங்க. போன வாரம் ரம்ஷாவோட அம்மாகிட்டச் சொன்னப்ப அது இல்லீங்களே."

அவள் பேரீச்சம்பழத்தைத் தொடாமல் எழுந்து வந்தாள். மறுநாள் ட்யூஷனில் முன்வரிசையில் உட்காரும் ரம்ஷாவைப் பின்னால் போய் உட்காரச் சொன்னாள். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். டீச்சர் காரணம் சொல்லவில்லை. ஆனால் டீச்சருக்கு அது தெரிந்தே இருந்தது.

ஓட்டுப் பதிவு நாள் காலை ஏழு மணிக்கு, இரண்டு வேனும் ஏழெட்டுக் காரும் அவென்யூ வாசலில் நின்றன. பிரவீனா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டு வரிசைப்படி ஆட்களை ஏற்றி அனுப்பினாள். பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குள் மூன்றாவது பெஞ்சில், தாங்குகட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, குடைச் சின்னத்தின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவர் கிருபாசங்கர். மனைவி அனுப்பிய ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வர, அவர் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே இருந்தார். யார் எதற்கு வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். "வாங்க நிதீஷ். வாங்க நவ்யாம்மா" என்று சொல்வதையும் விடவில்லை.

பதினொரு மணிக்கு நஞ்சுண்டன் வந்தான். க்யூவின் நீளத்தைப் பார்த்தான். முகம் மாறிற்று. உள்ளே போய் கிருபாசங்கரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். கதவருகே க்யூவில் நின்றிருந்த பிரவீனா பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் தலையை இல்லையென்று ஆட்டினார். நஞ்சுண்டன் மறுபடியும் குனிந்தான். அவர் மறுபடியும் ஆட்டினார்.

என்ன பேச்சு என்பதை அவரே பிறகு சொன்னார். பட்டியலில் ஒரு முகவரி, அடையாள அட்டையில் ஒரு முகவரி இருக்கிற அவென்யூக்காரர்கள் ஒவ்வொருவர் மேலும் ஆட்சேபம் கிளப்பச் சொல்லியிருக்கிறான். க்யூ நகராது, வெய்யிலில் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். "பக்கத்து வீட்டுக்காரங்களப் பாத்து நீ யாருன்னு என்னால கேக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டாராம். தன் ஓட்டைக் குடைக்குத்தான் போட்டதாகவும் ஒளிக்காமல் சொன்னார்.

அவென்யூவின் முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று எண்பத்தொன்று விழுந்தது.

எண்ணிக்கை நாளன்று அவள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, எண்ணுகிற கல்லூரியின் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். மத்தியானம் மைக்கில் சொன்னார்கள். பாவாத்தாள், மண்வெட்டி, ஐந்நூற்று இருபத்தேழு. நஞ்சுண்டன், குடை, நானூற்று எண்பத்தாறு. நாற்பத்தொரு ஓட்டு. பட்டாசுப் புகைக்கு நடுவே நஞ்சுண்டன் வெளியே வந்தான். கூட இரண்டே பேர்தான். அவளைப் பார்த்ததும் நின்றான்.

"டீச்சருங்க, நாய்னு நான் சொல்லவே இல்லீங்களே. எங்கம்மாவே நம்பீட்டாங்க. எங்கூட்டுலயே ரெண்டு நாளா ஒருத்தரும் எங்கிட்டப் பேசறதில்லீங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. இந்த நிமிடத்துக்காக அவள் ஒரு மாதமாக எத்தனையோ வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

"நீங்க சொன்னதே போதுமுங்க" என்றாள். "மத்தத நான் சேத்துக்கிட்டேன்."

கார்க் கதவைத் திறக்கச் சாவி துவாரம் கிடைக்காமல் அவன் தடுமாறியதை, கார் கிளம்பிப் போகிறவரை நின்று பார்த்தாள். வெறும் வயிற்றில் சூடான காப்பி இறங்கியதுபோல் உடம்பெல்லாம் ஒரு இதம் பரவியது.

பாவாத்தாள் மூன்றாவது வாரம் பள்ளத்தை மூடினாள். தார் ரோடு பாதிவரை வந்து, ஜல்லி தீர்ந்துவிட்டதென்று நின்றுபோனது. பங்குனி முடிவதற்குள் ஹம்சா அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். "பாப்பாவ வேற எடத்துல ட்யூஷன் சேத்துட்டோமுங்க. இத்தன நாள் சொல்லிக்குடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்க." உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

இரண்டு நாள் பொறுத்து அவள் அவர் கடைக்குப் போனாள். ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள்: "நான் பொய் சொன்னது நெசந்தானுங்க. கொழந்தையப் பின்னால உக்கார வெச்சதும் தப்புத்தான். மறுபடி அனுப்புங்க."

"தெரியுமுங்க டீச்சர்" என்றார் ஹம்சா, ஆணிப் பெட்டியை மூடியபடி. "ஆனா அவ அங்க நல்லாப் படிக்கறாளுங்க. இருக்கட்டும்."

அன்றைக்குச் சாயங்காலம் கிருபாசங்கர் கேட்டார்: "ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. என் காலுக்காகவா இத்தனையும் செஞ்சே?"

அவள் கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டிருந்தாள். பொய் வாய்வரை வந்தது. இந்த இரண்டு மாதத்தில் அது நன்றாகப் பழகியிருந்தது. சொல்லவில்லை.

"இல்லீங்க. என்ன நிக்க வெச்சான் பாருங்க, அதுக்கு."

"ரம்ஷா போயிட்டா. ரோடும் பாதிதான் வந்துருக்குது."

"ஆமாங்க."

"மறுபடி ஒருக்கா இதே மாதிரி வந்தா என்ன செய்வே?"

ரம்ஷாவை நினைத்தால் அவளுக்கு நெஞ்சில் முள் குத்துகிற மாதிரி இருந்தது. நஞ்சுண்டனை நினைத்தால் ஒன்றும் குத்தவில்லை.

"அந்தப் புள்ளைய மட்டும் முன்னாலயே உக்கார வெச்சிருப்பனுங்க" என்றாள். "மத்தது அத்தனையும் செய்வேன்."

கிருபாசங்கர் தாங்குகட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். அவள் தண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.